வாசகர் கேள்வி-பதில்: வயதான சிங்கிள் மால்ட்டை எப்படிச் சுவைப்பது?

சென்ற இதழில் ஸ்காட்லாந்து விஸ்கிகளைப் பற்றி எழுதியதும் நிறைய கடிதங்கள் வந்தன. பலரும் கேட்டிருப்பது ஒரே விஷயத்தைத்தான்: 18 வருடம், 25 வருடம் என்று எழுதிய சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி) பாட்டில் கைக்கு வந்தால் அதை எப்படிக் குடிப்பது, அந்த விலைக்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது? இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் மேலதிகாரி ஓய்வு பெற்றபோது க்ளென்ஃபார்க்ளஸ் 25 வருட பாட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை எதையும் சோடா ஊற்றிக் குடித்துத்தான் பழக்கம். இதை எப்படிக் குடிக்க வேண்டும் சார்?
– சிங்கப்பூர் வாசகர்

நல்ல பாட்டில்தான் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில் பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் இருக்கிற வடிசாலை அது, 1865 முதல் ஒரே கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் நீராவியை வைத்துச் சூடேற்றும் இந்தக் காலத்தில் இவர்கள் இன்னும் செம்புப் பானைக்கு அடியில் நேரடியாக எரிவாயுத் தீ போடுகிறார்கள், ஊறல் அடிப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு சங்கிலி பானையின் அடியைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். அப்படி வடிகிற சரக்கு கனமாக இருக்கும். ஷெர்ரி ஒயின் ஊறிய ஓக் பீப்பாயில் 25 வருடம் கிடந்தும் அது மரத்துக்கு அடங்கிப்போகவில்லை என்றால் அந்தக் கனம்தான் காரணம் என்பது என் கருத்து.

சோடாவை இதற்கு மட்டும் தள்ளி வையுங்கள். அடுத்தது கிளாஸ். ஐஸ் போட்டுக் குடிக்கிற அகலவாய் கிளாஸ் வேண்டாம், வாசனை எல்லாம் அறைக்குள் போய்விடும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். 2001-இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது, இப்போது எங்கும் கிடைக்கிறது, இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். 20 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். இன்னொன்று, ஸ்காட்லாந்துக்காரர்கள் அறை வெப்பநிலையில் குடி என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது 18, 20 டிகிரி அறை. சிங்கப்பூர் புழுக்கத்தில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால் ஆல்கஹால்தான் முதலில் எழும்பிவந்து அறையும், அதனால் ஏசி அறையில் வைத்துக் குடியுங்கள்.

ஊற்றியதும் வாய்க்குக் கொண்டுபோகாமல் மேலே ஒரு தட்டை மூடி கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பீப்பாயில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நிமிடம் காத்திரு என்று ஒரு வழக்கு உண்டு. அவ்வளவு கணக்கு தேவையில்லை, ஆனால் காத்திருப்பது தேவை. ஊற்றிய கையோடு முகர்ந்த விஸ்கியும் இருபது நிமிடம் கழித்து முகர்கிற விஸ்கியும் ஒன்றாக இருக்காது, வயதான சரக்கில் இந்த வித்தியாசம் ரொம்பவே தெரியும்.

முகரும்போது ஒயினைப்போல கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுத்தால் 43 சதவீத ஆல்கஹாலில் மூக்கு மரத்துப்போகும், அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸைத் தாடைக்குக் கீழே பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எங்கே வாசனை தெரிய ஆரம்பிக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். இந்த 25-இல் எனக்கு முதலில் வருவது உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோல் ஜாமும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் வால்நட், வறுத்த காப்பிக்கொட்டை, மெருகு போட்ட பழைய மரச்சாமான். ஒரு நாசியை மூடி மற்றொன்றால் முகர்ந்து பாருங்கள், இரண்டும் ஒன்றையே சொல்லாது.

இப்போது ஒரு வாய். தேக்கரண்டி அளவுகூட வேண்டாம். முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்குத்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாயை நாக்கின் மேலும் கீழும் ஓடவிட்டு, எச்சிலோடு சேர்ந்து காரம் தணிகிற வரை பத்து, பதினைந்து நொடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படித் தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். பல பேர் இங்கே அவசரப்பட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுகிறார்கள். விழுங்கிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள், இனிப்பு போய் கசப்பு சாக்லேட் மாதிரி ஒரு வறட்சி வரும், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். 12 வருடச் சரக்கில் அது சீக்கிரம் போய்விடும்.

சைடு டிஷ் எதுவும் வேண்டாம், மிளகு போட்டது நிச்சயம் வேண்டாம். ஊதுபத்தி, மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குடித்த கிளாஸை உடனே கழுவாமல் விட்டு மறுநாள் காலையில் முகருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும், பீப்பாய் மட்டும் மிஞ்சியிருக்கும். சரக்கு எப்படிப்பட்ட மரத்தில் கிடந்தது என்பதை நான் அப்போதுதான் தெளிவாகப் பிடிக்கிறேன்.

12-ஐ விட 18 நல்லது, 18-ஐ விட 25 நல்லது. அப்படித்தானே? விலையும் அப்படித்தானே ஏறுகிறது?
– மதுரை வாசகர்

விலை ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது, சுவை அதே கணக்கில் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பாட்டிலில் போட்டிருக்கும் வயது, அதற்குள் இருப்பதிலேயே இளைய சரக்கின் வயது. 18 என்றால் உள்ளே 18-க்குக் குறைந்த ஒரு சொட்டும் இருக்கக் கூடாது, 22-உம் 25-உம் கலந்திருக்கலாம். ஸ்காட்ச் என்று பெயர் போட ஓக் பீப்பாயில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 வருடம் இருந்தாக வேண்டும், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் இதற்கு மேல், முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, பானையில் வடித்தது. இதெல்லாம் 2009-இல் வந்த சட்டத்தில் இருக்கிறது.

பீப்பாயில் கிடக்கும் காலத்தில் ஒரே நேரத்தில் மூன்று வேலை நடக்கிறது. உள்பக்கம் தீயில் கருக்கிய மரம், புதுச் சரக்கின் கந்தக வாடையை இழுத்துக்கொள்கிறது. மரத்திலிருந்து வனிலின், தேங்காய் மணம் தரும் லாக்டோன், துவர்ப்பு தரும் டானின் எல்லாம் சரக்குக்குள் இறங்குகின்றன. மூன்றாவது, மரத்தின் நுண்துளைகள் வழியாகக் காற்று பட்டுப்பட்டு உள்ளே மெதுவாக நடக்கும் மாற்றம். முதல் இரண்டும் ஆரம்ப வருடங்களிலேயே பெருமளவு நடந்துவிடும். மூன்றாவதற்குக் குறுக்கு வழி கிடையாது, வருடங்கள் ஓடித்தான் ஆக வேண்டும், வயதான மால்ட்டுக்கு நீங்கள் கொடுக்கிற காசு உண்மையில் இதற்குத்தான். ஆனால் காத்திருக்கும் நேரம் முழுக்க மரமும் டானினை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். சுறுசுறுப்பான புதுப் பீப்பாயில் 30 வருடம் விட்டால் வாயில் மரப்பட்டையை மென்ற மாதிரி துவர்த்துப்போகும், பார்லி இருந்த சுவடே தெரியாது. அதனால்தான் நீண்ட காலம் வைக்க நினைப்பவர்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை விஸ்கி ஊறிக் களைத்த பீப்பாய்களைத் தேடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கிற புகை வாசனைச் சரக்குகளில் கணக்கு இன்னும் மாறும். பீட் எனப்படும் சதுப்புக் கரியைக் கொளுத்திப் பார்லியை உலர்த்துவதால் வருகிற அந்தப் புகை, வயது ஏற ஏற அடங்கும். லஃப்ரோய்க் 10-இல் மருந்துக்கடை மாதிரி முகத்தில் அடிக்கிற வாசனை, அதே வடிசாலையின் 25-இல் பழ வாசனைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் 10-தான் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய, அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஷெர்ரி பீப்பாய் மால்ட்டுகளில் என் வாய்க்கு 15-இலிருந்து 18-க்குள்தான் சரியான இடம், சரக்கும் மரமும் அங்கே சமமாக நிற்கின்றன.

அப்பாவின் அலமாரியில் 12 வருட ஸ்காட்ச் பாட்டில் ஒன்று, 1990 வாக்கில் வாங்கியது, திறக்காமலே இருக்கிறது. இப்போது அதன் வயது 45-க்கு மேல் என்று தம்பி சொல்கிறான். உண்மையா?
– சென்னை வாசகி

இல்லை, அது இன்றும் 12 வருட விஸ்கிதான். வயது ஏறுவது மரத்துக்குள் மட்டும்தான், கண்ணாடிக்குள் போனதும் அந்தக் கடிகாரம் நின்றுவிடும்.

குடிக்கலாமா என்பது தனிக் கேள்வி. நிமிர்த்தி வைத்திருந்து, வெயில் படாமல் இருந்து, கழுத்துவரை சரக்கு இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒயின் பாட்டிலைப்போலப் படுக்கப்போட்டு வைத்திருந்தால்தான் சிக்கல், 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும், அப்புறம் திறக்கும்போது பொடிப்பொடியாக உள்ளே விழும். அப்படி விழுந்தாலும் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி கசிந்து ஆல்கஹால் போயிருக்கிறது என்று அர்த்தம், சுவை சப்பென்று இருக்கும். அந்தக் காலத்தில் அதே கம்பெனி எப்படிச் சரக்கு போட்டது என்று தெரிந்துகொள்ள உங்கள் கையில் இருப்பது நல்ல வாய்ப்பு. இன்று கடையில் கிடைக்கும் அதே 12-ஐ ஒரு சின்ன பாட்டில் வாங்கி இரண்டையும் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள்.

நல்ல மால்ட்டில் தண்ணீர் ஊற்றினால் பாவம் என்கிறார் நண்பர். ராவாகத்தான் குடிக்க வேண்டுமா?
– டொராண்டோ வாசகர்

உங்கள் நண்பரை விஸ்கி கலக்கும் வல்லுநர்கள் வேலை செய்யும் அறைக்கு ஒருமுறை அழைத்துப்போனால் போதும். மாதிரிகளில் தண்ணீர் விட்டு 20 சதவீதம் வரை இறக்கித்தான் அவர்கள் முகர்கிறார்கள், குறைகள் அப்போதுதான் மறைக்க இடமில்லாமல் வெளியே வரும்.

2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இதைக் கணினியில் மூலக்கூறு அளவில் செய்து பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ உள்ளேயே கிடக்கிறது. 45 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கினால் பரப்புக்கு வந்து நிற்கிறது, பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு வரும். இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: பீப்பாய் வீரியத்திலேயே, 58, 60 சதவீதத்தில் வருகிற பாட்டிலுக்குத் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், தேக்கரண்டி தேக்கரண்டியாக. 43 சதவீதத்தில் வருகிற வயதான மால்ட்டுக்கு அந்த வேலையை வடிசாலையே முடித்துத்தான் அனுப்பியிருக்கிறது, அதற்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அதற்கு மேல் போனால் வயதான சரக்கு சட்டென்று உடைந்து மரத்தண்ணீராகிவிடும், திரும்பக் கூட்டிவர முடியாது. அதனால் முதல் பாதியைத் தண்ணீர் இல்லாமல் குடித்துவிட்டு மீதியில் சொட்டு விடுங்கள்.

ஐஸ் போட்டால் மூக்குக்கு வருகிற அத்தனையும் அடங்கிவிடும். வெயில் நாளில் சாதாரண பிளெண்டில் (பல வடிசாலைச் சரக்குகளைக் கலந்த விஸ்கி) போட்டுக் குடிக்க நல்லதுதான், 25 வருடம் காத்திருந்த சரக்கில் போட்டால் அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் இழப்பீர்கள். தண்ணீர் விட்டதும், அல்லது குளிர்ந்ததும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர வைத்து வடிகட்டாத சரக்கில் இருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள்தான் அப்படிக் கலங்கும், எனக்கு அது நல்ல அடையாளம்.

நிறம் கருக்கக் கருக்க வயது அதிகம் என்று வைத்துக்கொள்ளலாமா?
– திருநெல்வேலி வாசகர்

வைத்துக்கொள்ள முடியாது. ஸ்காட்ச்சில் தண்ணீரும் சாதாரண காரமெல் நிறமும் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது, பல பெரிய பெயர்கள் சேர்க்கவும் செய்கின்றன. நிறம் சேர்க்காவிட்டாலும், முதன்முறை நிரப்பிய ஷெர்ரி பீப்பாயில் 10 வருடம் இருந்தது தேன்பாகு நிறத்தில் வரும், பழைய பீப்பாயில் 30 வருடம் இருந்தது வைக்கோல் நிறத்தில் இருக்கும்.

சுவைக் குறிப்புகளில் தோல், புகையிலை, தார், கடற்பாசி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு விஸ்கி வாசனை மட்டும்தான் வருகிறது. இவர்கள் கற்பனை செய்து எழுதுகிறார்களா, என் மூக்கில் கோளாறா?
– கோயம்புத்தூர் வாசகர்

இரண்டும் இல்லை. அந்த வாசனைகளில் பல நிஜமாகவே உள்ளே இருக்கின்றன. ஓக் மரத்திலிருந்து இறங்குகிற யூஜினால், நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கிராம்புக்கு மணம் தருகிற அதே பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குகிற ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழத்திலும் இருக்கிறது. வனிலின் வனிலாவில் இருப்பதேதான். ஆகவே ஒருவர் கிராம்பு, வாழைப்பழம் என்று எழுதினால் அதற்கு ஆதாரம் உண்டு.

சிக்கல் என்னவென்றால் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் வளர்ந்த வீடு வேறு. கிறிஸ்துமஸ் புட்டிங், ஹெதர் பூ, ஈரமான குதிரைச் சேணம் என்று அவர்கள் எழுதுவது அவர்கள் மூக்கு சிறுவயதில் சேர்த்துவைத்தது. நீங்கள் அதை மனப்பாடம் செய்து கிளாஸுக்குள் தேடினால் கிடைக்காது. உங்கள் வீட்டில் இருந்த வாசனைகளைத் தேடுங்கள். ஷெர்ரி பீப்பாய் மால்ட் எனக்குப் பேரீச்சம்பழம், கருப்பட்டி, சுக்கு என்றுதான் வருகிறது. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஊறிய பீப்பாயில் கிடந்த சில ஸ்பேசைட் சரக்குகளில் நன்றாகப் பழுத்த பலாச்சுளை வாசனை பளிச்சென்று வரும். ஐலா சரக்கு ஒன்றை முகர்ந்ததும் என் சித்தப்பா 'கருவாட்டைச் சுட்ட அடுப்பு' என்றார், அவர் அதுவரை மால்ட் பக்கமே போனதில்லை. புகை, கடல், உப்பு, கரி எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது, அதைவிடச் சரியான குறிப்பை அந்தப் பாட்டிலுக்கு நான் படித்ததில்லை.

பழக ஒரே வழி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்வது. ஒரே ஒரு விஸ்கியை முகர்ந்தால் யாருக்கும் விஸ்கி வாசனைதான் வரும். இரண்டை வைத்து மாறி மாறி முகருங்கள், எது இதில் இருக்கிறது, அதில் இல்லை என்று மூக்கு தானே பிரிக்க ஆரம்பிக்கும். தோன்றியதை உடனே தமிழில் எழுதி வையுங்கள், தப்பு சரி பார்க்க வேண்டாம்.

நம் ஊர் அம்ருத் சிங்கிள் மால்ட் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. ஆனால் 18, 25 என்று வயது போட்டு அவர்கள் ஏன் விற்பதில்லை?
– பெங்களூரு வாசகர்

பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிற பங்குதான் காரணம். ஸ்காட்லாந்தின் குளிரிலும் ஈரத்திலும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகிறது. 500 லிட்டர் ஷெர்ரி பீப்பாயை 25 வருடம் வைத்தால் கடைசியில் 300 லிட்டர் போல மிஞ்சும். பெங்களூரில் வருடத்துக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ போகிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை அங்கே 25 வருடம் வைத்தால் கணக்குப்படி 15 லிட்டர்கூடத் தேறாது, தேறுவதும் டானின் ஏறிக் குடிக்க முடியாததாக இருக்கும்.

வெப்பத்தில் மரமும் சரக்கும் வேகமாகப் பழகுகின்றன, அதனால் நாலைந்து வருட அம்ருத் ஸ்காட்லாந்தின் பன்னிரண்டு பதினைந்து வருடச் சரக்கின் மரச் சுவையோடு வந்துவிடுகிறது. 2004-இல் அவர்கள் முதன்முதலாகத் தங்கள் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் விற்ற இடமே கிளாஸ்கோதான், அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். 8 வருடம் வைத்த ஒன்றையும் பிறகு வெளியிட்டார்கள், அங்கே 8 வருடத்துக்குள் பீப்பாயில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதை நினைத்தால் அது எவ்வளவு அரிது என்று புரியும். ஆனால் முன்பு சொன்னேனே, அந்த மூன்றாவது வேலை, காற்று பட்டு மெதுவாக நடக்கும் மாற்றம், அதை வெப்பம் முழுதாக ஈடுசெய்வதாக எனக்குத் தோன்றவில்லை. அம்ருத்தை அதன் வேகத்துக்காகவே குடியுங்கள், ஸ்காட்ச் 25-ஓடு போட்டி வைக்காதீர்கள்.

ஸ்காட்லாந்திலும் எல்லையில்லாமல் வைக்க முடியாது. சுமார் 63.5 சதவீதத்தில் நிரப்பும் சரக்கு அங்கே வருடா வருடம் வீரியம் இழக்கிறது. 40-க்குக் கீழே போய்விட்டால் சட்டப்படி அது விஸ்கியே இல்லை, எத்தனை வருடம் காத்திருந்தாலும் வீண். 1940 பிப்ரவரியில் நிரப்பிய க்ளென்லிவெட் பீப்பாய் ஒன்றை எல்ஜின் நகரத்துக் கார்டன் & மெக்ஃபேல் நிறுவனம் 2020 பிப்ரவரியில் இறக்கியபோது 80 வயதிலும் 44.9 சதவீதம் நின்றது. அந்தப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தவரின் கணிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

பழைய சிங்கிள் மால்ட் வாங்கி வைத்தால் தங்கத்தைவிட லாபம் என்கிறார்கள். ஏலத்தில் 1900-க்கு முந்திய பாட்டில் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?
– துபாய் வாசகர்

வாங்காதீர்கள். 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் மக்காலன் என்ற ஸ்காட்லாந்து வடிசாலையின் 1926 ஒரு பாட்டில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை வருகிறது. ஆனால் அது ஷெர்ரி பீப்பாயில் 60 வருடம் இருந்து 1986-இல் வெறும் 40 பாட்டில் நிரப்பிய சரக்கு, எந்தப் பாட்டில் எங்கே போனது என்ற வரலாறே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்த்ததற்கு அப்படி ஒன்று இருக்காது.

2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஓட்டலில், 1878 என்று எழுதிய மக்காலன் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சின்ன பெக்குக்கு ஒரு விருந்தாளி 9,999 பிராங்க் கொடுத்தார். படத்தில் பார்த்தவர்கள் கார்க்கிலும் லேபிளிலும் சந்தேகம் எழுப்ப, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கார்பன் கணக்குப்படி அது 1970-72 வாக்கில் வடித்தது, சிங்கிள் மால்ட்கூட இல்லை, கலவை விஸ்கி. ஓட்டல் பணத்தை முழுக்கத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடம் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தபோது 21 பாட்டில் போலி, அல்லது லேபிளில் சொன்ன வருடத்தில் வடித்ததல்ல என்று தெரிந்தது. 1950, 60-களில் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கூட்டிவிட்டன, அந்தக் காலத்துக்குப் பிறகு வளர்ந்த பார்லியில் அந்தச் சுவடு இருக்கும். எவ்வளவு நேர்த்தியாக லேபிள் ஒட்டினாலும் அதை அழிக்க முடியாது.

வயதான மால்ட் வாங்கினால் குடிப்பதற்கு வாங்குங்கள். ஒரு பாட்டிலை நாலு பேர் காசு போட்டு வாங்கி ஒரே மேசையில் திறந்தால் அவரவர்க்கு வருகிற செலவும் தாங்கும், பேச்சும் நன்றாக இருக்கும்.

வயதான மால்ட் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, இதயத்துக்கு நல்லதுகூட என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்களே எழுதிவிடுங்கள்.
– திருச்சி வாசகி

எழுதிவிடுகிறேன் அம்மா. 3 வருடமோ 30 வருடமோ, உள்ளே இருப்பது அதே எத்தனால்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது, புற்றுநோய் அபாயம் முதல் சொட்டிலிருந்தே கணக்கில் வருகிறது. இதயத்துக்கு நல்லது என்று யாரும் குடிக்க வேண்டியதில்லை, குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே குடிப்பவர் மாதத்துக்கு ஒருமுறை 20 மில்லியை ஒரு மணி நேரம் வைத்துச் சுவைத்தால், தினமும் அடிப்பதைவிடக் குறைவான கேடு, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். அவர் தினமும் குடிக்கிறார் என்றால் மால்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

25 வருடமெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது. மால்ட் பழக எங்கிருந்து தொடங்கலாம்?
– கோலாலம்பூர் வாசகர்

எட்டினாலும் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஒப்பிட எதுவும் இல்லாமல் அதைக் குடித்தால் மரத்தின் வேலை எது, சரக்கின் வேலை எது என்று பிரிக்க முடியாது. விமான நிலையத்திலோ நல்ல பாரிலோ மூன்றைச் சின்ன அளவில் வாங்குங்கள். பர்பன் பீப்பாய்க்கு க்ளென்மோரஞ்சியின் ஆரம்ப பாட்டில், ஷெர்ரிக்கு க்ளென்ஃபார்க்ளஸ் 15, அது 46 சதவீதத்தில் வருகிறது, விலைக்கு மேலாகவே கொடுக்கும். புகைக்கு லகாவுலின் 16, அல்லது கொஞ்சம் கை கடித்தால் டாலிஸ்கர் 10. மூன்றையும் ஒரே மாலையில் வைத்து, புகையைக் கடைசிக்கு விட்டு, மேலே சொன்ன மாதிரி மெதுவாகப் போங்கள். புகையை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் அன்று முழுக்கத் தெரியாது. மூன்றில் எது உங்களை இழுக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வழியிலேயே ஒரு 18-ஐ மட்டும் தேடுங்கள், மற்ற இரண்டு வழியிலும் இப்போதைக்குப் பணம் போட வேண்டாம்.